சைவ விருந்துக்கு உணவு கொண்டுபோவதில் ஒரு சந்தேகம்

வரும் சனிக்கிழமை இரவு, சைவ உணவு மட்டுமே உண்ணும் நண்பர் ஒருவர் வீட்டில் எட்டுப் பேருக்கு விருந்து; ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். நான் அசைவம் உண்பவன். இறைச்சியும் மீனும் கூடாது என்பது தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருப்பவைதான் என்னைத் தடுமாற வைக்கின்றன. சென்ற முறை நான் வாங்கிச் சென்ற இனிப்பில், விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படும் ஜெலட்டின் இருந்தது. பெட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்த அவர், ஒரு வார்த்தையும் சொல்லாமல் மூடியை அழுத்தி மூடி ஓரமாக வைத்தார். அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

இம்முறை சீஸ் சேர்த்து ஏதாவது செய்ய நினைத்தேன். சிலவகைச் சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்க்கப்படுவதால் அதைக் கைவிட்டேன். முட்டை சேர்க்கலாமா என்று குறுஞ்செய்தியில் கேட்டதற்கு, "சிரமப்பட வேண்டாம், எதுவானாலும் சரி" என்று மட்டும் பதில் வந்தது. அது பெருந்தன்மையே தவிர விடையல்ல என்பதால் முட்டையையும் விட்டுவிட்டேன். இப்போது காய்கறியும் பருப்பும் மட்டும் சேர்த்து நானே சமைப்பதாக முடிவு செய்திருக்கிறேன். ஆனால் என் வீட்டுப் பாத்திரங்கள், கரண்டிகள், வெட்டும் பலகை அனைத்திலும் இறைச்சி பட்டிருக்கிறது.

நன்றாகக் கழுவிய அதே பாத்திரத்தில் சமைத்துக் கொண்டுபோவதானால், அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டுமா?