ஜெயகாந்தன் படம்: மீசை வந்துவிட்டது, ஆள் வரவில்லை

தொப்பூரான்:
ஏப்ரல் 24 ஜெயகாந்தன் பிறந்தநாள். தருமபுரியில் எங்கள் வாசகர் வட்டம் கூடும் அறையில் மாட்டுவதற்காக அவர் முகத்தை ஏ2 தாளில் வரைகிறேன். பார்த்து வரைய ஏ4 பிரிண்ட் இருக்கிறது. பென்சில் மாதிரியில் மீசை அச்சு அசல், முகம் மட்டும் வேறு யாரோ. எங்கே திருத்துவது? பென்சிலிலேயே முடிக்கலாமா, சார்கோலா (வரைகிற கரி)? நம்ம ஊர் வெயிலில், கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரே அடித்தால் பொடி பூக்கிறதாமே?

காவேரிப்பட்டணம் கோடு:
மீசையைக் கடைசிக்குத் தள்ளுங்க தோழர். அதை முதலில் போட்டால் யாராவது ஒரு நாட்டாமை வந்து உட்கார்ந்துகொள்வார்.

ஏ4-ஐவிட ஏ2 நீளத்திலும் அகலத்திலும் சரியாக இரண்டு மடங்கு. பிரிண்டில் 2 செ.மீ. கட்டம், தாளில் 4 செ.மீ. ஹெச்பி பென்சிலை அழுத்தாமல் ஓட்டுங்க. அழுத்தினால் விழும் பள்ளத்தில் சார்கோல் பிடிக்காமல் வெள்ளைக் கோடு நிற்கும். கண் வரும் கட்டங்களை மட்டும் இன்னும் பாதியாகப் பிரியுங்க. சாயல் தொலைவது பெரும்பாலும் அங்கேதான்: மேல் இமை மடிப்பு, இமைக்கும் புருவத்துக்கும் நடுவே உள்ள இடம், மூக்கடி நிழல். பிரிண்டையும் தாளையும் தலைகீழாக வைத்து ஒப்பிட்டால் 'இது கண், இது மூக்கு' என்ற நினைப்பு போய் வடிவம் மட்டும் தெரியும். படத்தைப் போனில் எடுத்து இடவலமாகத் திருப்பிப் பாருங்க, கோணல் உடனே கண்ணில் படும்.

இரண்டு வயசைக் கலக்காதீங்க. 1972-ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தபோது அவருக்கு 38. 2015-ல் மறைந்தபோது 80. இளவயசு மீசையை முதுமைக் கன்னத்தில் ஒட்டினால் நாடக வேஷம் மாதிரிதான் இருக்கும்.

பர்கூர் கரி:
சார்கோலே போடுங்க. பென்சிலில் எவ்வளவு அழுத்தினாலும் கறுப்பு சாம்பலாகத்தான் நிற்கும், டியூப்லைட்டில் பளபளக்கும் வேறு. வழவழப்பான சார்ட் வேண்டாம், கரி உதிர்ந்துவிடும். சொரசொரப்புள்ள 200 ஜிஎஸ்எம் தாள் போதும். பென்சிலால் தேய்த்து மினுக்கிய இடத்தின் மேல் கரி ஒட்டாது, அதனால் கட்டமும் வெளிக்கோடும் மட்டும் பென்சில்.

மீசைக்கு முதலில் வில்லோ சார்கோலால் (எளிதில் துடைபடும் மென்மையான கரிக்குச்சி) இளஞ்சாம்பல் பூசி டிஷ்யூவால் ஒற்றுங்க. பிறகு கூர் சீவிய சார்கோல் பென்சிலால் வேரிலிருந்து நுனிக்கு இழுங்க, நுனியில் அழுத்தம் விடணும். ஒவ்வொரு முடியாக எண்ணி வரைந்தால் துடைப்பம் ஆகிவிடும். நரைக்கு வெள்ளை ஜெல் பேனா வேண்டாம். பிசைகிற ரப்பரைக் கத்தி முனை போல அழுத்தி, கரியை எடுத்தால் போதும். மீசைக்குக் கீழே உதட்டில் விழும் நிழல் முக்கியம். அது இல்லாவிட்டால் மீசை முகத்தில் ஒட்டாமல் மிதக்கும். உள்ளங்கையின் கீழே பட்டர் பேப்பர். அதை இழுக்காமல் தூக்கித் தூக்கி வையுங்க, இழுத்தால் தீற்றும்.

ராயக்கோட்டை ஃபிரேம்:
பொடி பூப்பதற்குக் காரணம், சூட்டில் துளிகள் தாளைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்துவிடுவது. காலை வெயில் ஏறும் முன், காற்றில்லாத திறந்த இடத்தில், 30 செ.மீ. தூரத்திலிருந்து மெல்லிசாக இரண்டு மூன்று தடவை, நடுவே 15 நிமிஷம் இடைவெளி. ஒரேயடியாக நனைத்தால் கரி கரைந்து திட்டாகும். ஹேர் ஸ்ப்ரே அடிக்காதீங்க, நாளானால் மஞ்சளிக்கும். லேமினேஷன் பக்கமே போகவேண்டாம்.

கண்ணாடி போடும்போது கரி அதில் படக்கூடாது. படத்தின் ஓரம் சுற்றிலும் மவுண்ட் போர்டு (தடித்த அட்டை) வைத்து 2, 3 மி.மீ. இடைவெளி விடச் சொல்லுங்க. சொல்லாவிட்டால் கடைக்காரர் கண்ணாடியோடு சேர்த்து அழுத்திவிடுவார்.

தொப்பூரான்:
நன்றி. அன்றைக்கு மாலை போடுவார்கள், பொட்டும் வைப்பார்கள்.

ராயக்கோட்டை ஃபிரேம்:
பொட்டு கண்ணாடி மேல்தானே, துடைத்தால் போகும். தண்ணீர் தெளித்த பூமாலைதான் ஆபத்து. மேல் சட்ட இடுக்கு வழியாக ஈரம் இறங்கி, நெற்றியில் கறை விழும். பின்பக்கத்தை டேப்பால் சுற்றி அடைங்க. மாலையைச் சட்டத்தில் தொங்கவிடாமல் சுவரில் தனி ஆணியில் போடுங்க, கூட்டம் முடிந்ததும் எடுத்துடுங்க.