மழைக்கு அப்புறம் கத்திப் பிடி விலகுது, முனை மடங்குது. எங்கே தப்பு?

பூம்பாறைக்காரன்:

வணக்கம். கேம்ப்புக்கும் காட்டு வேலைக்குமான ஃபுல் டாங் கத்தி, அதாவது அலகு இரும்பே பிடிக்குள்ள கடைசி வரைக்கும் போகும், அந்தப் பகுதிதான் டாங். அலகு 125 மில்லி, மொத்த நீளம் 245, அகலம் 30, முதுகுத் தடிமன் 4. லாரி ஸ்பிரிங் பட்டை இரும்பு. வெறும் அலகா, தோய்ச்சல் (சூடாக்கிக் குளிர்விச்சுக் கடினமாக்குறது) முடிஞ்சு வந்தது. பிடி, விளிம்பு, உறை மூணும் வீட்லயே போட்டது.

பிடி: சில்வர் ஓக், பக்கத்துக்கு 10 மில்லி கட்டை. 5 மில்லி பித்தளைக் கம்பி ரெண்டு. அஞ்சு நிமிஷ எபாக்ஸி, ரெண்டு டியூப் கலந்து போடுற பசை. ஒட்டினது ஆகஸ்ட்ல ஒரு ராத்திரி, அறைக்குள்ள 13 டிகிரி.

ஐப்பசி மழை ஓய்ஞ்சதும் தெரிஞ்ச கோளாறு:

ஒண்ணு, வலது பக்கக் கட்டை அடிமுனையில விலகியிருக்கு. விசிட்டிங் கார்டு ரெண்டு சேர்த்து உள்ள போகுது. அழுத்தினா செம்பழுப்புத் தண்ணி கசியுது.

ரெண்டு, முனையிலிருந்து 40 மில்லி வரைக்கும் காய்ஞ்ச சீகை விறகுல வச்சா விளிம்பு மடங்குது. மீதி விளிம்பு நல்லாத்தான் இருக்கு.

மூணு, தோல் உறைக்குள்ள இருந்த அலகுல புள்ளி புள்ளியா துரு. உறையோட பித்தளைப் பொத்தானைச் சுத்திப் பச்சைக் களிம்பு.

இடைவெளில பசையை ஊத்தி இறுக்கிட்டா போதுமா, இல்ல பிரிக்கணுமா?

லேத்_பட்டறை:

ஊத்தாதீங்க தம்பி. குறிப்பா ஃபெவிக்விக் வேண்டாம். உள்ள ஈரமும் துருவும் இருக்கு, அதுமேல எந்தப் பசையும் பிடிக்காது. வாயை அடைச்சிட்டா ஈரம் வெளிய வர வழியும் போயிடும். பிரிச்சே ஆகணும்.

அதுக்கு முன்ன நாலு விஷயம் சொல்லுங்க. டாங் பக்கத்தை எந்த நம்பர் பேப்பர்ல தேய்ச்சீங்க? ஒட்டுறதுக்கு முன்ன எதை வச்சுத் துடைச்சீங்க? கிளாம்ப் எவ்வளவு இறுக்கினீங்க? அந்தச் சில்வர் ஓக் எப்ப வெட்டினது?

சாணைக்கல்:

ஐந்தாவது கேள்வியும் இருக்கிறது. விளிம்பை எதில் எடுத்தீர்கள்? முனைப் பக்கம் நிறம் மாறியதா?

பூம்பாறைக்காரன்:

டாங் 600 வாட்டர் பேப்பர் வரைக்கும் போய் நல்லா மினுமினுப்பா இருந்துச்சு. துடைச்சது நீலகிரித் தைலம், கிரீஸ் பிசுக்கெல்லாம் அதுல நல்லா போகும்ல. சி கிளாம்ப் ரெண்டு, திருக முடியாத அளவுக்கு. மரம் ஜூன்ல வெட்டினது, ஆறு வாரம் அடுப்புக்கு மேல பரண்ல கிடந்துச்சு. விளிம்பு ஆங்கிள் கிரைண்டர்ல ஃபிளாப் டிஸ்க் போட்டு எடுத்தது. முனையில நீலம் வந்துச்சு, அப்புறம் தேய்ச்சு எடுத்தாச்சு.

லேத்_பட்டறை:

தைலம்தான் முதல் குற்றவாளி. பிசுக்கைக் கரைக்கும், அது உண்மை. ஆனா காய்ஞ்சதும் தானே ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுட்டுப் போகும், கலப்படத் தைலம்னா கேக்கவே வேண்டாம். தைலத்துல துடைச்சா, அதுக்கு மேல அசிட்டோன்ல ரெண்டு தடவை துடைக்கணும், ஒவ்வொரு தடவையும் புதுத் துணில. சுத்தமாச்சான்னு பாக்க, டாங் மேல நாலு சொட்டுத் தண்ணி விட்டுப் பரப்புங்க. தண்ணி ஒரே தாளா விரிஞ்சு நின்னா சரி. முத்து முத்தா உருண்டா எண்ணெய் இன்னும் இருக்கு, திரும்பத் துடைங்க. அப்புறம் விரல் படக்கூடாது.

ரெண்டாவது மினுமினுப்பு. எபாக்ஸிக்குப் பல் வேணும். 80 நம்பர் எமரில குறுக்கும் நெடுக்கும் கீறணும். கட்டையோட உள்பக்கமும் அப்படித்தான்.

மூணாவது கிளாம்ப். அவ்வளவு இறுக்கினா பசை பூரா பக்கவாட்டுல வழிஞ்சு ஓடிடும், நடுவுல ஒண்ணும் மிஞ்சாது. ஓரத்துல மெல்லிசா ஒரு கோடு பிதுங்கினதும் திருகுறதை நிறுத்திடணும்.

அஞ்சு நிமிஷ ரகம் வீட்டுக்குள்ள பொம்மை ஒட்ட சரி. ஈரத்துல தொடர்ந்து கிடந்தா அது இளகும். மெதுவா இறுகுற சாதாரண ரகம் வாங்குங்க.

நாலாவது மரம், அதுதான் பெரிய கதை. ஜூன்ல வெட்டி ஆகஸ்ட்ல ஒட்டினது பச்சை மரம். மரம் நீளவாக்குல அசையாது, அகலவாக்குல அசையும். ஈரப்பதம் 20 சதவீதத்துல இருந்து 10-க்கு இறங்கினா 30 மில்லி அகலக் கட்டை முக்கால் மில்லியாவது சுருங்கும். இரும்பு அசையாது. இந்த இழுபறில முதல்ல தோக்கிறது பசைதான். வெயில்ல சுருங்கும், மூடுபனில ஊதும். உங்க ஊர்ல இந்த ரெண்டும் ஒரே நாள்லயே நடக்குமே!

பிரிக்கிற விதம்: விளிம்பை மாஸ்கிங் டேப் நாலு சுத்து சுத்துங்க. பித்தளைக் கம்பித் தலையை 4.5 மில்லி பிட்ல பாதி ஆழம் துளைச்சு, பஞ்ச் வச்சுத் தட்டுங்க. அப்புறம் பிடி மட்டும் முழுகுற மாதிரி கொதிக்கிற தண்ணில 20 நிமிஷம். பூம்பாறை உயரத்துல தண்ணி 93, 94 டிகிரிலயே கொதிச்சிடும், பரவாயில்ல, வீட்டு எபாக்ஸி இளக அது போதும். அலகோட தோய்ச்சல்ல கடைசியா காட்டுற சூடே 200 டிகிரி கிட்ட, இந்தச் சூடு அதை ஒண்ணும் பண்ணாது. வெளிய எடுத்த சூட்டோட பட்டி பிளேடை அடிமுனைலருந்து சொருகுங்க. கேஸ் அடுப்புத் தீயில மட்டும் காட்டாதீங்க.

மலைப்பூண்டு:

அண்ணே சொல்றது எல்லாம் சரி. ஆனா மறுபடி மரம் போட்டு இவரு திரும்ப வரப்போறாரு. நேரா ஹைலம் ஷீட் போட்டுடுங்க, துணியையோ பேப்பரையோ ரெசின்ல அடுக்கி அழுத்தின பலகை அது. கரண்ட் பேனல் போர்டு செய்யிற கடையில துண்டு துண்டா கிடைக்கும். துணி அடுக்கு ரகம்னு கேட்டு வாங்கணும், பேப்பர் அடுக்கு ஓரத்துல உரியும். 8 மில்லி தடிமன்ல 125-க்கு 35 துண்டு ரெண்டு போதும். ஈரத்துக்கு அசையாது, அழுகாது. வெளிநாட்டுக் கத்தில மைக்கார்ட்டான்னு விலை ஏத்தி விக்கிறாங்களே, அதோட தம்பிதான் இது.

தூசி மட்டும் கெட்டது. மாஸ்க் கட்டிக்கிட்டு, வெளியில உக்காந்து, தண்ணி தொட்டுத் தேய்ங்க. துளை போடுறப்ப அடியில ஒரு பலகை இருக்கணும், இல்லன்னா வெளிவாயில சில்லு பெயரும். கடைசியா 220 பேப்பரோட நிறுத்திடுங்க. பளபளன்னு பஃப் பண்ணினா மழையில கைல நிக்காது.

லேத்_பட்டறை:

ஹைலத்துக்கு நான் எதிரி இல்ல, குளிர்ல கைல சில்லுன்னு பிடிக்கும், அவ்வளவுதான். மரம்தான் வேணும்னா பழைய ஈட்டி நாற்காலிக் கால் ஒண்ணு தேடுங்க. அம்பது வருஷம் காய்ஞ்ச கட்டை இனிமே எங்க சுருங்கப் போகுது? புது ஈட்டிக்குப் போகாதீங்க, அந்த மரத்தைக் காக்க 1994-லேயே தனிச் சட்டம் போட்டாச்சு.

எதைப் போட்டாலும் ஒட்டுற முறை ஒண்ணுதான். டாங்ல உள்ள துளை கம்பியைவிட அரை மில்லி பெருசா, 5.5 இருக்கட்டும். பித்தளையும் இரும்பும் ஈரத்துல நேரா தொட்டுக்கிட்டா அரிக்கிறது இரும்பைத்தான். அந்த அரை மில்லில எபாக்ஸி நிறைஞ்சு நடுவுல நிக்கணும். கம்பியையும் எமரில கீறிடுங்க.

கட்டையோட முன்முகம், அதாவது அலகு பக்கம் பாக்கிற முகத்தை, ஒட்டுறதுக்கு முன்னயே முழுசா முடிச்சிடணும். ஒட்டினதுக்கு அப்புறம் அங்க பேப்பர் போனா அலகுல கீறல் விழும். பிதுங்குற பசையையும் அங்க மட்டும் உடனே ஸ்பிரிட் தொட்ட பஞ்சால வழிச்சிடுங்க.

பசை 10 கிராம் கலந்தா தாராளம். ரெண்டு டியூபையும் கை பொறுக்குற சுடுதண்ணில அஞ்சு நிமிஷம் போட்டு எடுங்க, குளிர்ல கெட்டியா இருந்தா கலவை சேராது. அட்டைல போட்டிருக்கிற விகிதத்துல எடுத்து, ஓரத்தை வழிச்சு வழிச்சு ரெண்டு நிமிஷம் முழுசா கலக்கணும். கை அளவு தப்பி ஹார்டனர் கூடினா சீக்கிரம் இறுகும்னு ஒரு நம்பிக்கை சுத்துது, அப்படி இல்ல. பிசுபிசுன்னே நிக்கும்.

10 டிகிரி குறைஞ்சா இறுகுற நேரம் ஏறக்குறைய ரெட்டிப்பாகும். சமவெளில ஒரு ராத்திரி போதும்னா உங்களுக்கு மூணு நாள். இல்லன்னா ஒரு பெரிய அட்டைப்பெட்டி, உள்ள 40 வாட் குண்டு பல்பு, அட்டைல படாம ஒரு அடி தள்ளி. உள்ள 35 டிகிரி நின்னா பன்னெண்டு மணி நேரம். பல்பை எரியவிட்டுட்டு வெளிய போயிடாதீங்க.

கம்பித் தலையைச் சுத்தியால அடிச்சு விரிக்க வேண்டாம். ஒரு மில்லி வெளிய விட்டு, இறுகினதும் அரத்தால மெதுவா இறக்குங்க. வேகமா தேய்ச்சா பித்தளை சூடேறி அதைச் சுத்திப் பசை இளகும்.

சாணைக்கல்:

முனைக்கு வருகிறேன். விளிம்பு சில்லாகப் பெயர்ந்தால் இரும்பு மிகக் கடினம் என்று பொருள். மடங்கினால் மென்மை. உங்களுடையது மடங்குகிறது, நீலமும் வந்திருக்கிறது. இளமஞ்சள் நிறம் 210 டிகிரிப் பக்கம் வரும், நீலம் 300-ஐ ஒட்டி வரும். நிறத்தைத் தேய்த்து எடுத்ததால் தோல் போயிற்று, மென்மை உள்ளேயே இருக்கிறது.

சோதனை எளிது. மெல்லிய அரத்தை விளிம்பின் பிடிப் பக்கத்தில் லேசாக ஓட்டுங்கள், வழுக்கும். முனையில் ஓட்டுங்கள், கடிக்கும். தண்ணீர் விட்ட கார்போரண்டம் கல்லில் முனைப் பகுதியை அரை மில்லி இறக்கி, மறுபடி அரத்தை ஓட்டுங்கள். வழுக்கும்வரை இப்படியே. பெரும்பாலும் இரண்டு மில்லிக்குள் நல்ல இரும்பு வந்துவிடும். வயிற்று வளைவு சற்று மாறும், அவ்வளவுதான்.

மூன்று மில்லிக்கு மேலும் கடித்தால் முழு அலகையும் மறுபடி தோய்க்க வேண்டும். பிடி கழன்றிருக்கும்போதே செய்துவிடுங்கள். காந்தம் ஒட்டாத சூடு தாண்டி இன்னும் ஒரு படி, 830 டிகிரிப் பக்கம். அங்கிருந்து நேராக எண்ணெயில், முனை கீழாக. எண்ணெயை முதலில் 50, 60 டிகிரிக்குச் சூடாக்குங்கள். மலைக் குளிரில் எண்ணெய் தடித்துக் கிடந்தால் சூட்டை மெதுவாக வாங்கும், அலகு முழுக் கடினம் ஏறாது. கொல்லுப் பட்டறையில் தண்ணீரில் விடச் சொல்லாதீர்கள். அரிவாளின் விளிம்பை மட்டும் தண்ணீர் காட்டுவது வேறு, 4 மில்லி ஸ்பிரிங் பட்டையை முழுதாக விட்டால் கீறல் விழும். பிறகு ஓவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம், ஆறவிட்டு இன்னொரு முறை.

விளிம்புக் கோணம் பக்கத்துக்கு 20 டிகிரி வையுங்கள். அகலம் 30 மில்லி, ஆகவே கல்லிலிருந்து முதுகு 10 மில்லி உயரத்தில் இருக்க வேண்டும். அந்த அளவில் ஒரு மரச் சீவலை வெட்டி, கை பழகும்வரை முதுகுக்கு அடியில் வைத்துப் பாருங்கள். விறகு பிளப்பதே முக்கிய வேலை என்றால் 25 டிகிரி, உயரம் பன்னிரண்டரை.

இனி கிரைண்டர் எடுத்தால் கையுறை போடாதீர்கள். விரல் பொறுக்காத சூடு வந்ததும் தண்ணீரில் முக்க வேண்டும், கையுறை அந்த எச்சரிக்கையை மறைத்துவிடும். தேய்ந்த டிஸ்க் அறுக்காது, சூடு மட்டும் ஏற்றும்.

மலைப்பூண்டு:

உறைக்கு: தோல் ஈரத்தை உறிஞ்சி வச்சுக்கும். பதனிட்ட உப்பும் அதுக்குள்ள இருக்கும். வெளிய போறப்ப மட்டும் உறை, வீட்ல கத்தியைத் தனியா தொங்க விடுங்க. பச்சைக் களிம்பு பித்தளையும் தோல் கொழுப்பும் சேர்ந்து வர்றது, துடைச்சிட்டு ஸ்டீல் பொத்தான் மாத்திடுங்க.

மழைக்காலத்துக்கு பிவிசி உறை சரிப்படும். சுவர் ரெண்டரை, மூணு மில்லி இருக்கிற பைப்பை நீளவாக்குல அறுத்து, ஹாட் ஏர் கன்ல இளக்கித் தட்டையாக்கி, கத்தி மேல மடிச்சு அழுத்துங்க. கத்திக்கு ரெண்டு அடுக்கு மாஸ்கிங் டேப் சுத்தியிருந்தா கத்தி உள்ள போய் வர்ற இடைவெளி சரியா வரும். புகையவிடாதீங்க, அந்தப் புகை நெஞ்சைப் பிடிக்கும். அடியில 6 மில்லி ஓட்டை ஒண்ணு, தண்ணி இறங்க.

அலகுக்குத் தேங்காய் எண்ணெய் பூசுறவங்க இருக்காங்க. 24 டிகிரிக்குக் கீழ அது உறையும், நம்ம ஊர்ல பாதி நாள் கட்டிதான். தேன்மெழுகு ஒரு பங்கு, லிக்விட் பாரஃபின் மூணு பங்கு, சுடுதண்ணிப் பாத்திரத்துக்குள்ள வச்சு உருக்கி ஆற வைங்க. விரல் நுனில எடுத்துத் தேய்ச்சா போதும். காய்கறி வெட்டினாலும் பயமில்ல.

இன்னொண்ணு, இது பொழுதுபோக்கு இல்ல. 2013-ல் அறிவிச்ச கொடைக்கானல் சரணாலய எல்லை உங்க பக்கம் நெருக்கமா வருது. 1972 வனவிலங்குச் சட்டத்துல ஆயுதம்ங்கிற வரையறைக்குள்ள கத்தியும் இருக்கு, எழுத்துல அனுமதி இல்லாம சரணாலயத்துக்குள்ள கொண்டு போகக் கூடாது. பைக்குள்ள இருந்துச்சுன்னு சொன்னா ரேஞ்சர் கேட்டுக்க மாட்டாரு.

பூம்பாறைக்காரன்:

பிரிச்சாச்சு. கம்பி எடுத்ததும் 20 நிமிஷக் கொதிப்புல ரெண்டு கட்டையும் கையோட வந்துடுச்சு. பசை பூரா மரத்தோடயே தகடா ஒட்டியிருக்கு, இரும்புப் பக்கம் ஒரு பொட்டு இல்ல. நடுவுல ரெண்டு விரல் அகலத்துக்கு மரமே தெரியுது. கம்பித் துளையைச் சுத்தி குண்டூசித் தலை அளவுல துருக் குழி ஏழெட்டு. முனையில ஒன்றரை மில்லி இறக்கினதும் அரம் வழுக்கிடுச்சு.

கழட்டின கட்டை 44 கிராம் இருக்கு. அடுப்பு மேல காய வச்சு எடை நிக்கிறப்ப திரும்ப அதையே ஒட்டலாமா?

லேத்_பட்டறை:

பசை இரும்பை விட்டு வந்திருக்கு, தைலமும் 600 பேப்பரும்தான். நடுவுல மரம் தெரியுறது கிளாம்ப்.

அந்த எடை செல்லாது தம்பி. இப்பத்தானே வேக வச்சீங்க, குடிச்ச தண்ணியும் சேர்ந்து நிக்குது. அதே மரத்துல வெட்டி மிஞ்சின துண்டு இருந்தா அதை எடை போட்டு, வாரம் ஒரு தடவை பாருங்க. மூணு வாரம் ஒரே எடை நின்னாத்தான் காய்ஞ்சதுன்னு அர்த்தம். வெந்த கட்டை கோணியிருக்கும், அதை விறகுல போடுங்க.

பூம்பாறைக்காரன்:

மிச்சத் துண்டு பரண்ல இருந்துச்சு. போன வாரம் 61 கிராம், இன்னிக்கு 58. ஹைலமே போட்டுடறேன், வத்தலக்குண்டுல 8 மில்லி துணி ரகம் சொல்லி வச்சாச்சு. துருக் குழியை எதாவது வச்சு அடைக்கணுமா?

லேத்_பட்டறை:

வேண்டாம். கம்பி பிரஷ்ல கருப்பு போற வரைக்கும் சுரண்டுங்க. போகலன்னா வினிகர்ல ஒரு மணி நேரம் ஊற வச்சு, சோடா உப்புத் தண்ணில கழுவி உடனே சூடு காட்டிக் காய வைங்க. புளிப்பு மிஞ்சினா பசைக்கு அடியில திரும்ப துரு கிளம்பும். அப்புறம் 80 எமரி, அசிட்டோன், தண்ணிச் சொட்டுச் சோதனை. குழி அப்படியே இருக்கட்டும், எபாக்ஸி பிடிக்க அதுவும் ஒரு பல்லுதான்.