பிரேக் பெடல் இறங்குகிறது: மாஸ்டர் சிலிண்டர்தானா?

நண்பர்களுக்கு வணக்கம். என் பழைய காரில் பிரேக் பெடல் பஞ்சுபோல் அமுங்குகிறது. முன்சக்கரங்களில் டிஸ்க், பின்னால் டிரம், ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கிடையாது.

பிரேக் ஆயிலை மாற்றி, தூரத்துப் பின்சக்கரத்தில் தொடங்கி நான்கிலும் காற்றை வெளியேற்றியாயிற்று. குமிழி வருவது நின்றுவிட்டது. பெடல் மட்டும் மாறவில்லை. அடுத்தடுத்து மிதித்தால் உயர்ந்து கெட்டியாகிறது. ஆனால் காலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்குகிறது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்த்தாலும் இதே நிலைதான். ஆயில் அளவு குறையவில்லை. டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் (ஆயில் அழுத்தத்தால் பிரேக் ஷூவை டிரம்மோடு உரசத் தள்ளும் பகுதி) ரப்பர் உறையை விலக்கிப் பார்த்தேன். உள்ளே ஈரமே இல்லை, காய்ந்த தூசிதான்.

வெளியே கசிவில்லாததால், மாஸ்டர் சிலிண்டருக்குள் (பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்திச் சக்கரங்களுக்குத் தள்ளும் பகுதி) இருக்கும் ரப்பர் தேய்ந்து ஆயில் பின்னோக்கி நழுவுகிறது என்று நினைக்கிறேன். மெக்கானிக்கோ பின் பிரேக் ஷூவை நெருக்கி வைத்தால் போதும் என்கிறார். ஷூ இடைவெளி கூடினால் பெடல் ஆழமாகப் போகும், ஒப்புக்கொள்கிறேன். அழுத்திப் பிடிக்கும்போது இறங்கிக்கொண்டே போகுமா?

மாஸ்டர் சிலிண்டரின் வாய்களை அடைத்துவிட்டு மிதித்துச் சோதித்தவர்கள் யாராவது இருந்தால் முறையைச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் ரப்பர்களை மட்டும் மாற்றும் கிட் போதுமா, சிலிண்டரையே மாற்றுவதா? குழந்தைகள் ஏறும் வண்டி. சரியாகும்வரை வெளியே எடுக்கப்போவதில்லை.