தலைவர் எக்ஸில் மல்லுக்கு நின்றால் வண்டி சர்வீஸ் ஆகிவிடுமா?

ஓசூரான்: 2024 அக்டோபரில் மின்சார ஸ்கூட்டர் கம்பெனி ஓலா எலக்ட்ரிக்கின் தலைவர் பாவிஷ் அகர்வாலுக்கும் நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ராவுக்கும் எக்ஸில் (பழைய ட்விட்டர்) நடந்த சண்டை பலருக்கு நினைவிருக்கும். தூசி படிந்து நெருக்கியடித்து நின்ற ஓலா ஸ்கூட்டர்களின் படத்தைப் போட்டு, வாங்கினவர்களுக்கு இதுதான் கதியா என்கிற மாதிரி காம்ரா கேட்டார். காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறாய், வந்து எங்களுக்கு உதவு, உன் தோற்றுப்போன காமெடியில் கிடைப்பதைவிட அதிகமாகத் தருகிறேன் என்றார் அகர்வால். ஒரு கம்பெனித் தலைவர் பேசுகிற பேச்சா இது?

பங்குப்பித்தன்: பாதியை மட்டும் சொல்லாதீர்கள் நண்பரே. சர்வீஸ் மையங்களைக் கூட்டுகிறோம், தேங்கிய வேலை சீக்கிரம் முடியும் என்றும் அதே பதிவில் இருந்தது. மற்ற கம்பெனித் தலைவர்கள் வாயே திறப்பதில்லை, இவராவது நேரில் வந்து பதில் சொன்னார். அப்போது வருஷத்துக்கு மூன்று லட்சம் வண்டிக்கு மேல் விற்றவனுக்குப் புகார் வரத்தான் செய்யும்.

பட்டறைக்காரி: தம்பி, "சீக்கிரம்" என்பது பதிலே இல்லை. எங்கள் பட்டறையில் ஜாப் கார்டில், அதாவது வேலைச் சீட்டில், என்றைக்கு வண்டி கிடைக்கும் என்று எழுதாமல் சாவியை வாங்கவே மாட்டோம். பார்ட்ஸ் வரவில்லை, வியாழக்கிழமை ஆகும் என்று நாமே முந்திக்கொண்டு போன் போட்டால் எப்பேர்ப்பட்ட கோபக்காரரும் சரி என்று வைத்துவிடுவார், அவர் போட்டு நாம் எடுக்காமல் விட்டால்தான் மறுநாள் கடை வாசலில் கூட்டம். அந்தச் சண்டைக்கு முந்தின மாதம்தான் கர்நாடகத்தின் கலபுரகியில் சர்வீஸ் சரியில்லை என்ற கோபத்தில் ஒருவர் ஓலா ஷோரூமுக்கே தீ வைத்தார். அவர் செய்தது குற்றம், அதில் மாற்றுக்கருத்தே இல்லை, ஆனாலும் அதற்குப் பிறகுமா இந்த நக்கல்?

பங்குப்பித்தன்: அக்கா, உங்கள் பட்டறை வேறு, நாடு முழுக்க ஓடும் கம்பெனி வேறு. அரசின் நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஓலா மீது ஒரு வருஷத்தில் வந்தது 10,644 புகார், அதில் 99.1 சதவீதம் தீர்த்துவிட்டதாகக் கம்பெனி சொன்னது.

ஓசூரான்: கம்பெனி சொன்னது! மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்தக் கணக்கோடு திருப்தியாகாமல் விசாரணைக்கு விட்டதே, அது எங்கே போச்சு? இன்னொன்று, அந்த எண்ணுக்குப் போன் போடுகிறவன் எல்லா வழியும் அடைத்துப்போனவன். அலுத்துப்போய் வீட்டில் உட்கார்ந்தவன் எந்தக் கணக்கில் வருவான்?

பங்குப்பித்தன்: சரி, ஒன்று கேட்கிறேன். டீலரே இல்லாமல் கம்பெனியே நேரடியாக விற்கும் முறையை எல்லாரும்தானே கைதட்டி வரவேற்றீர்கள்? மலிவாக வாங்கும்போது இனித்தது, இப்போது மட்டும் கசக்கிறதா?

பட்டறைக்காரி: டீலர் கமிஷன் வாங்குவது சும்மா இல்லை. வண்டி நின்றுபோனால் திட்டு வாங்க ஊரில் ஒரு ஆள், ஒரு முகம் வேண்டும். டீலரை எடுத்தால் அந்த வேலையைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும், அதற்கு விற்கிற வேகத்துக்குச் சமமாக மெக்கானிக்கையும் போன் எடுக்க ஆளையும் சேர்த்திருக்க வேண்டும். விற்பனையை ஓடவிட்டு சர்வீஸை நடக்கவிட்டது மேலிடத்து முடிவு, கவுண்டரில் நிற்கும் பையன் முடிவு இல்லை.

ஓசூரான்: அக்கா சொன்னதைக் கொஞ்சம் எங்கள் மாவட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஓலா தொழிற்சாலை போச்சம்பள்ளிப் பக்கம், மின்சார ஸ்கூட்டர் செய்யும் மற்ற கம்பெனிகளான டிவிஎஸ்ஸும் ஏத்தரும் ஓசூரில், மூன்றும் கிருஷ்ணகிரி மாவட்டம்தான். 2025 ஏப்ரலில் மின்சார ஸ்கூட்டர் விற்பனையில் டிவிஎஸ் முதலிடத்துக்கு வந்துவிட்டது. சர்வீஸ் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊரூருக்கு டீலர் வைத்திருக்கிற கம்பெனி அது.

பங்குப்பித்தன்: அடுத்த காலாண்டு முடிவு வரட்டும், அப்புறம் பேசலாம்.

பட்டறைக்காரி: பார்த்தீர்களா, நீங்களும் தேதி சொல்லாமல்தான் போகிறீர்கள்.