தெர்மல் பேஸ்ட்: பசையா, களிம்பா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்,

முதன்முறையாக கேமிங் கணினி கோப்பவர்களுக்கான கையேட்டில், ப்ராசஸருக்கும் அதைக் குளிர்விக்கும் கூலருக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட்டுக்குக் குளிர்விப்புப் பகுதி முழுக்க 'வெப்பப் பசை' என்று போட்டிருக்கிறோம். அச்சுக்குப் போகுமுன் அதை மாற்றிவிட வேண்டும். 'வெப்பக் களிம்பு' என்பது என் பரிந்துரை.

பசை என்றாலே ஒட்டும். இந்தப் பொருளை நாம் ஒட்டுவதற்காக வைப்பதில்லை. கூலரை ப்ராசஸர்மேல் அழுத்திப் பிடிப்பவை திருகுகளும் அவற்றின் சுருள்வில்லும்தான். ஒட்டும் என்று நம்புகிறவர் திருகை அரைகுறையாக முடுக்கிவிட்டு, மிச்சத்தைப் பசை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவார். கூலரின் ஓர் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும். கணினி பூட் ஆகும், டெஸ்க்டாப் வரை எல்லாம் சரியாகவே தெரியும். ஒரு கேமைத் திறந்ததும் வெப்பநிலை கிடுகிடுவென ஏறி, ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை ப்ராசஸர்களில் பெரும்பாலானவற்றின் எல்லையான 95 டிகிரியைத் தொடும். உடனே ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். படம் திக்கித் திக்கி ஓடுவதைப் பார்ப்பவர் கிராபிக்ஸ் கார்டைக் குறை சொல்வார்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. உண்மையிலேயே ஒட்டக்கூடிய, வெப்பம் கடத்தும் பசை கடைகளில் தனியாகக் கிடைக்கிறது. சின்னச் சின்ன சில்லுகள்மேல் அலுமினியத் தகடுகளை நிரந்தரமாக ஒட்டுவதற்கானது. நம் கையேட்டைப் படித்துவிட்டு ஒருவர் அதை வாங்கி ப்ராசஸரில் பூசினால், கூலரை உடைக்காமல் கழற்ற முடியாது. 'வெப்பப் பசை' என்ற பெயரை அந்தப் பொருளுக்கே விட்டுவிடுவோம்.

'வெப்பக் கடத்துபசை' என்று முன்பு வந்த யோசனையையும் ஏற்க முடியவில்லை. செம்பின் வெப்பக் கடத்துத்திறன் மீட்டர்-கெல்வினுக்கு ஏறத்தாழ 400 வாட். நல்ல பேஸ்ட் 5 முதல் 12 வரை நிற்கும். காற்று வெறும் 0.026. செம்போடு ஒப்பிட்டால் பேஸ்ட் மட்டமான கடத்தி. காற்றை வெளியேற்றி அந்த இடத்தில் தான் உட்காருவதுதான் இதன் வேலை. கண்ணாடிபோல் வழவழப்பாகத் தெரியும் உலோகத்திலும் நுண்ணிய பள்ளங்கள் இருக்கும். அவை நிரம்பினால் போதும். பெயரிலேயே 'கடத்து' என்று சொன்னால், கூடுதலாகப் பூசினால் கூடுதலாகக் கடத்தும் என்றுதான் புதியவருக்குத் தோன்றும்.

களிம்பு என்றால் மெல்லத் தடவுவோம், வேண்டாதபோது துடைத்துவிடுவோம். இங்கும் அதேதான் நடக்கிறது.

*

ஐயா, வணக்கம்.

> களிம்பு என்றால் மெல்லத் தடவுவோம், வேண்டாதபோது துடைத்துவிடுவோம்.

நல்ல வாதம். ஆனால் மூன்று தடைகள்.

கூலரின் அடிப்பகுதி செம்பு. செம்பில் களிம்பு என்றால் தமிழில் வேறு பொருள். அது செம்பின்மேல் ஏறும் பச்சைக் கறை. சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்கு உவமையே செம்பில் உள்ள களிம்புதான். 'கூலரின் செம்பில் உள்ள களிம்பைத் துடைக்கவும்' என்று எழுதினால் எதைத் துடைப்பது?

அடுத்தது, ஒட்டவே ஒட்டாது என்பது முழு உண்மையல்ல. ஏஎம்டி ப்ராசஸர்களுக்கான முந்தைய பொருத்தியான ஏஎம்4 சாக்கெட்டில் பழைய கூலரை நேராக இழுத்தால், பூட்டிய நெம்புகோலையும் மீறி ப்ராசஸர் கூடவே வந்துவிடுகிறது. பின்கள் வளைந்துபோவது அப்படித்தான்.

இடைவெளியை நிரப்புவதுதான் வேலை என்றால் 'வெப்பச் சாந்து' பொருந்தாதா? செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே சாந்து செய்வதும் அதைத்தானே?

அதே பக்கத்தில் டிடிபியை, அதாவது கூலர் அகற்ற வேண்டிய வெப்பத்துக்கு உற்பத்தியாளர் வாட்டில் தரும் அளவை, 'மின்நுகர்வு' என்று பெயர்த்திருப்பதும் தவறு. ரைசன் 5 7600இன் டிடிபி 65 வாட், ஆனால் இயல்பு அமைப்பிலேயே 88 வாட் வரை இழுக்கும். இன்டெலின் கோர் ஐ5-13400இன் அடிப்படை அளவும் 65 வாட்தான். வேகத்தைக் கூட்டும் டர்போ நிலையில் 148 வரை போகும். 65 வாட் கூலர் போதும் என்று வாங்குகிறவர் இங்கேதான் ஏமாறுகிறார்.

*

வணக்கம் ஐயா. டிடிபி பற்றி நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. 'அடிப்படை வெப்பச் சுமை' என்று வைத்து, பக்கத்திலேயே 'உச்ச மின்இழுவை' என்று இன்னொரு எண்ணையும் கொடுப்போம். கூலரை இரண்டாவது எண்ணைப் பார்த்தே தேர்ந்தெடுக்கட்டும்.

செம்புக் களிம்புக்கு மறுமொழி: இன்றைய கூலர்கள் பலவற்றில் அடிப்பகுதிக்கு நிக்கல் முலாம் உண்டு, பச்சை ஏறாது. வெப்பக் குழாய்கள் நேரடியாகத் தொடும் மலிவான கூலர்களில்தான் செம்பு வெளியே தெரியும். எங்கும் 'வெப்பக் களிம்பு' என்று முழுச் சொல்லாகவே எழுதினால் குழப்பம் வராது.

சாந்து இறுகுவதற்காகவே பூசப்படுவது. இது இறுகினால் கெட்டுப்போனதாக அர்த்தம்.

உங்கள் ஏஎம்4 எடுத்துக்காட்டு என் பக்கமே பேசுகிறது. 'பசை ஒட்டிக்கொண்டது' என்று சொல்லிப் பாருங்கள், அது பசையின் இயல்பாகத்தான் காதில் விழும். 'களிம்பு காய்ந்து பிடித்துக்கொண்டது' என்றால் கோளாறு என்று உடனே புரிகிறது. காய்ந்தது, துடைத்தது, தடவியது எல்லாம் இந்தச் சொல்லோடு தானாக வந்து சேர்கின்றன. சூடாகிச் சூடாகி ஆறும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு வெளியேறும் கோளாறுக்கும் 'களிம்புப் பிதுக்கம்' என்ற பெயர் கிடைக்கிறது.

தெர்மல் பேடுக்கு 'வெப்பத் திண்டு'. கிராபிக்ஸ் கார்டில் நினைவகச் சில்லுகள்மேல் வருவது இது. 1 மி.மீ. இருந்த இடத்தில் 2 மி.மீ. வைத்தால் கூலர் தூக்கிக்கொண்டு, முதன்மைச் சில்லைச் சரியாகத் தொடாமல் போகும். பேஸ்ட்டுக்குப் பதிலாகச் சிலர் பூசும் லிக்விட் மெட்டலை மட்டும் களிம்பு என்று சொல்லவே கூடாது. 'திரவ உலோகம்' என்றே இருக்கட்டும். அதிலுள்ள கேலியம் அலுமினியத்தை அரித்துவிடும், மின்சாரத்தையும் கடத்தும். முதல் கணினிக்கு அது வேண்டவே வேண்டாம்.

சொற்களை வாக்கியத்தில் வைத்துப் பார்க்கக் கையேட்டுக்கான வரைவு:

"ரைசன் 5 7600உடன் வரும் கூலரின் அடியில் வெப்பக் களிம்பு ஏற்கெனவே பூசப்பட்டிருக்கும், அதன்மேல் எதையும் தடவ வேண்டாம், விரலும் படக்கூடாது. தனியாகக் கூலர் வாங்கினால் முதலில் அடியிலுள்ள பிளாஸ்டிக் தாளை உரித்துவிடுங்கள். ப்ராசஸரின் நடுவில் 4 முதல் 5 மி.மீ. விட்டமுள்ள ஒரு பொட்டுக் களிம்பு போதும். கூலரின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும். திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி, ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு சுற்றாக முடுக்குங்கள். ஒரே திருகை முழுதாக முடுக்கினால் களிம்பு ஒருபக்கம் ஒதுங்கும். பிறகு எப்போதாவது கழற்ற நேர்ந்தால், கணினியைச் சில நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மின்கம்பியை உருவிவிட்டுத் திருகுகளைத் தளர்த்துங்கள். கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, பிடி விட்டதும் தூக்குங்கள். பழைய களிம்பை 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, பஞ்சு உதிராத துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக வையுங்கள்; பழையதன்மேலேயே மறுபடி உட்காரவைத்தால் உள்ளே காற்றுக்குமிழி சிக்கும்."

இதில் 'களிம்பு' வரும் இடங்களில் 'பசை'யையும் 'சாந்'தையும் போட்டு ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அதன்பிறகும் தடை இருந்தால் எழுதுங்கள்.