ஊர்ப்புறத்துக்கு அதிவேக இணையம்: ஃபைபரா, வயர்லெஸ்ஸா?

வழிகேட்பவர்:
எக்ஸ்சேஞ்சிலிருந்து 14 கி.மீ. தள்ளி ஒரு கிராமம்னு வச்சுக்குங்க. நெருக்கமா 180 வீடு, தோட்டங்களுக்குள்ள சிதறி இன்னும் 40. எல்லாருக்கும் 50 எம்பிபிஎஸ் கிடைக்கணும். எது சரிப்படும்? விளம்பர வாசகம் வேண்டாம், கணக்கு சொல்லுங்க.

கண்ணாடிநூல்:
ஜிபான்தான் (GPON), அதாவது ஒரே ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரிச்சுக் கொடுக்கிற முறை. அதில் பி ப்ளஸ் வகை ஒளிக்கருவி தாங்கும் ஒளி இழப்பு 28 டிபி (டெசிபல்). 1310 நானோமீட்டர் அலைநீள ஒளிக்கு கி.மீ.க்கு 0.35 வீதம் 14 கி.மீ.க்கு 4.9. ஒரு இழையை 32 வீட்டுக்குப் பிரிக்கிற 1:32 ஸ்பிளிட்டருக்கு 17, பத்து ஸ்பிளைஸுக்கு (இழையை ஒட்டின இடம்) 1, நாலு கனெக்டருக்கு 1.6. மொத்தம் 24.5, கையில் மிச்சம் 3.5. பேராசைப்பட்டு 1:64 போட்டால் அந்த 3.5-ம் போயிடும். அப்புறம் ஒரு கனெக்டரில் தூசி படிஞ்சாலே போதும், வீட்டுப் பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பிச்சிடும். எக்ஸ்சேஞ்ச் கருவியின் ஒரு போர்ட்டில் 32 பேரும் ஒரே நேரத்தில் இழுத்தாலும் ஆளுக்கு 70 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் வரும். 180 வீட்டுக்கு ஆறு போர்ட்.

அலை58:
காகிதத்தில் அழகாத்தான் இருக்கு. அந்த 14 கி.மீ.யில் எங்கேயாவது ஒரு பொக்லைன் வாளி இறங்கினால் 180 வீடும் ஒண்ணா அவுட். எங்கே அறுந்ததுன்னு ஓடிடிஆர் (இழைக்குள்ள ஒளி அனுப்பி அறுந்த தூரத்தைக் காட்டும் கருவி) வச்சுப் பார்த்து, தோண்டி, ஒவ்வொரு இழையா ஒட்டணும். வயர்லெஸ்ஸுன்னா எக்ஸ்சேஞ்சிலிருந்து ஊருக்கு 5.8 கிகாஹெர்ட்ஸில் ஒரு பாயின்ட் டு பாயின்ட் ரேடியோ லிங்க், ஊருக்குள்ள ஆளுக்கொரு பக்கம் பார்த்து வீடுகளுக்கு அனுப்புற நாலு செக்டர் ஆன்டெனா. கோபுரம் மட்டும் இருந்தால் சில நாள் வேலைதான்.

கண்ணாடிநூல்:
"கோபுரம் மட்டும் இருந்தால்"னு சுலபமா தாண்டிட்டீங்களே! 14 கி.மீ.யில் ஃப்ரெனல் வட்டாரத்தின் (ரெண்டு ஆன்டெனாவுக்கு நடுவில் அலை பரவிப் போகிற இடம்) ஆரம் நடுவழியில் 13.5 மீட்டர். அதில் 60 சதவீதமாவது காலியா இருக்கணும், அதாவது 8. பூமி வளைவுக்கு 3. நடுவில் 12 மீட்டர் மரம் நின்னால் ரெண்டு முனையிலும் 23 மீட்டர் உயரம் வேணும். மரம் வளரும், அதையும் சேர்த்துக்குங்க. வெயில் காலத்தில் போட்ட லிங்க் இலை தழைச்சு மழையில் நனைஞ்சதும் படுத்துக்கும்.

செக்டர் கதை இன்னும் மோசம். அங்கே எல்லாரும் பங்கு போடுறது நேரத்தை. சிக்னல் நல்லா உள்ள வீடு 100 எம்பிபிஎஸ்ஸில் இழுக்கும். மரத்துக்குப் பின்னாடி இருக்கிற வீடு 10-ல் இழுத்தால் அதே கோப்புக்குப் பத்து மடங்கு நேரத்தைத் தின்னும், மற்றவங்க காத்துக் கிடக்கணும்.

அலை58:
அந்த வீட்டை வேற செக்டருக்கு மாத்தணும், இல்லைன்னா ஆன்டெனாவை மரத்துக்கு மேலே தூக்கணும். அதைச் செய்யாமல் குறை சொல்றது நியாயமில்லை. சரி, சிதறின 40 வீட்டுக்கு என்ன சொல்றீங்க? ஒவ்வொண்ணுக்கும் ஒரு கி.மீ. டிராப் கேபிள் (வீடு வரைக்கும் போகிற கடைசித் துண்டு) இழுப்பீங்களா?

சும்மாபார்ப்பவன்:
நடுவில் புகுறேன். அந்த 40-க்கு தாழ்வட்டச் செயற்கைக்கோள் யோசிக்கலாம். உயரம் சுமார் 550 கி.மீ. என்பதால் தாமதம் பெரிசா தெரியாது. பழைய புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கி.மீ. மேலே. போய்வர அரை நொடிக்கு மேல் ஆகும், வீடியோ அழைப்பில் ரெண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசி ஒரே சமயத்தில் நிறுத்துவாங்க. ஆனால் வீட்டில் வைக்கிற தட்டு ஆன்டெனாவுக்குத் திறந்த வானம் வேணும். தென்னந்தோப்புக்கு நடுவில் வச்சால் சில நிமிஷத்துக்கு ஒரு தடவை அறுந்து அறுந்து வரும்.

கண்ணாடிநூல்:
40-க்கு வயர்லெஸ்ஸே போதும், ஒத்துக்கறேன். ஆனால் அந்தக் கோபுரத்துக்கும் பின்னாடி கொழுத்த குழாய், அதாவது ஃபைபர், வேணுமே? ஊர் முழுக்க இழுக்கிறதை ஒரு ரேடியோ லிங்க் தாங்காது. செலவில் பெரும்பகுதி பள்ளம் தோண்டத்தான். 2 கோர் (இழை) கேபிள் போடுற இடத்தில் 24 கோர் போட்டால் கூடுறது கொஞ்சம்தான். அதைத் தோண்டும்போதே செய்யணும்.

அலை58:
போடலாம். போட்ட 24-ல் 20 கோரை ஜாயின்ட் பெட்டிக்குள்ள சுருட்டி வச்சுட்டு, எது எந்தக் கோர்னு எழுதாமல் போயிடுவாங்க. சீல் சரியா இறுக்காத பெட்டிக்குள்ள தண்ணி நிக்கும். ரெண்டு வருஷம் கழிச்சு 1310, 1550 நானோமீட்டர் ரெண்டு அலைநீளத்திலும் சோதிச்சுப் பாருங்க. 1550-ல் மட்டும் இழப்பு எகிறினால் பெட்டிக்குள்ள இழையைச் சுருட்டி வைக்கிற ட்ரேயில் அதை இறுக்கி மடிச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

கண்ணாடிநூல்:
சாதாரண ஜி.652 இழைக்கு 30 மி.மீ. ஆரத்துக்குக் கீழே வளைக்கக்கூடாது, ட்ரேயில் அதுக்குத் தடமே இருக்கு. மூடியை மூடுறதுக்கு முன்னாடி எல்லாக் கோரையும் ரெண்டு அலைநீளத்திலும் அளந்து, அந்தப் பதிவைக் கொடுத்தால்தான் பில் பாஸ்னு ஒப்பந்தத்தில் எழுதுங்க.

அலை58:
அளக்கிற ஆள் ஒப்பந்தக்காரர் அனுப்புற ஆளா இருக்கக்கூடாதுன்னும் ஒரு வரி சேர்த்துக்குங்க.