பொங்கல் லீவுக்கு ஒன்பது பேர்: நாடகமா, போர்டு கேமா?

ஈரோட்டுக்காரி
பொங்கலுக்கு ஊர்ல இருந்து ஒன்பது பேர் சென்னைக்கு வர்றாங்க, நம்ம வீட்லதான் தங்கல். சித்தப்பாவுக்கு எழுபது தாண்டிடுச்சு, காது கொஞ்சம் மந்தம். குட்டிங்க ரெண்டு, ஏழும் பத்தும். மீதிப் பேர் ஃபோனை கீழ வைக்காத வயசு. சினிமாவும் மாலும் வேண்டாம்னு எல்லாரும் சொல்லியாச்சு. ஒரு சாயங்காலம் நாடகத்துக்குக் கூட்டிட்டுப் போலாம்கறது என் கட்சி. அந்தக் காசுக்கு நல்ல போர்டு கேம் ஒண்ணு வாங்கினா வருஷம் பூரா வெளையாடலாம்கறது வீட்டுக்காரர் கட்சி. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

சபாப் பித்தன்
இதுல யோசிக்க என்ன இருக்கு? நாடகம்தான். வாணி மகால், நாரத கான சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், எதுல காமெடி நாடகம் ஓடுதுன்னு பாத்து டிக்கெட் போடுங்க. கிரேஸி மோகன் 2019ல போயிட்டார், ஆனா அந்த வசனத்துக்கு இன்னிக்கும் அரங்கம் அதிருது. இன்டர்வெல்ல கேன்டீன் போண்டா, காபி. ரெண்டு மணி நேரத்துல எல்லாரும் ஒரே இடத்துல ஒண்ணா சிரிச்சிருப்பீங்க. போர்டு கேம்னா விதியை விளக்கி முடிக்கவே அரை மணி ஆகும். அதுக்குள்ள சித்தப்பா குறட்டை விட்டிருப்பார்.

பகடை பாலா
சார், அக்கா எழுதினதுல "காது மந்தம்"னு ஒரு வரி இருக்கே, அதைப் படிச்சீங்களா? சபா நாடகத்துல சிரிப்பு முழுக்க சொல்லுலதான் இருக்கு. ஒரு ஜோக் காதுல விழறதுக்குள்ள அடுத்தது வந்துடும். பக்கத்து சீட்டுக்காரர் சிரிக்கறதைப் பாத்து சிரிக்கத்தான் சித்தப்பா தி.நகர் வரணுமா?

அக்கா, அசூல்னு ஒரு கேம் இருக்கு, 2018ல ஜெர்மனியில வருஷத்தின் சிறந்த கேம் விருது வாங்கினது. வண்ண வண்ண ஓடுகளை எடுத்து சுவர்ல பதிக்கறதுதான் ஆட்டம். படிக்க வேண்டியதும் இல்ல, காது கொடுத்துக் கேக்க வேண்டியதும் இல்ல. பத்து வயசுக் குட்டி ரெண்டாவது ஆட்டத்துலயே உங்களை ஜெயிச்சுடும்.

சபாப் பித்தன்
எத்தனை பேர் ஆடலாம் தம்பி?

பகடை பாலா
நாலு.

சபாப் பித்தன்
வர்றது ஒன்பது பேர். வீட்டுக்காரங்களையும் சேத்தா எண்ணிக்கை இன்னும் ஏறும். மத்தவங்க பாத்திரம் தேய்க்கணுமா?

பகடை பாலா
அது நியாயமான கேள்வி. கட்டான்னு சொல்லிருந்தாலும் இதே கதைதான், அதுவும் நாலு பேர் ஆட்டம். அப்ப டிக்ஸிட் வாங்குங்க. பழைய பெட்டியில ஆறு பேர்னும் புதுப் பதிப்புல எட்டு பேர்னும் போட்டிருக்கும், ரெண்டு ரெண்டு பேரா ஜோடி கட்டினா எல்லாரும் உக்காரலாம். அத்தனையும் படச் சீட்டுதான், கனவுல வர்ற மாதிரி படங்க. ஒருத்தர் தன் சீட்டைக் காட்டாம ஒரு குறிப்பு சொல்லுவார். மத்தவங்க அதுக்குப் பொருந்தற மாதிரி தங்க கையில இருக்கற ஒரு சீட்டைப் போடணும். எல்லாத்தையும் கலந்து விரிச்சதும், குறிப்பு சொன்னவரோட சீட்டு எதுன்னு கண்டுபிடிக்கணும். எல்லாரும் கண்டுபிடிச்சுட்டா சொன்னவருக்கு பூஜ்யம். ஒருத்தருமே கண்டுபிடிக்கலன்னாலும் பூஜ்யம். கேமோட உயிரே இதுலதான் இருக்கு.

எங்க வீட்ல அம்மா ஒரு சீட்டை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு"ன்னாங்க. அப்பா மட்டும் சரியா ஒரு சீட்டை எடுத்தார். படத்துல பாதி திறந்த கதவு, அதுக்குப் பின்னாடி ரெண்டு கண்ணு. நாங்க பசங்க எல்லாம் வேற வேற சீட்டைக் காட்டினோம். எந்த சபாவுல எங்கப்பா வெக்கப்படறதை நான் பாக்க முடியும்?

தெக்குத்தெரு
ரெண்டாயிரம் மூவாயிரம் குடுத்து வெளிநாட்டு அட்டை வாங்கணுமா? பித்தளைப் பகடை ரெண்டும் ஒரு சாக்பீஸும் போதும், தாயம் தயார். தாயம், அதாவது ஒண்ணு, விழற வரைக்கும் காய் இறங்காது, அந்த வயித்தெரிச்சலுக்கு ஈடு உண்டா? தாயம், அஞ்சு, ஆறு, பன்னெண்டு விழுந்தா மறுபடி உருட்டலாம். காய் கடைசிக் கட்டம் சேந்து பழம் எடுக்கப் போற நேரத்துல வெட்டு வாங்கினா வீடே அலறும். வைகுண்ட ஏகாதசிக்கு ராத்திரி பூரா பரமபதம் உருட்டி முழிச்சிருந்த சனம் நாம. நம்மகிட்ட இல்லாத போர்டு கேமா?

பகடை பாலா
பரமபதத்துல நீங்க எடுக்கற முடிவுன்னு ஒண்ணாவது இருக்கா? பகடை சொல்ற இடத்துக்குப் போறீங்க, பாம்பு கடிச்சா இறங்கறீங்க. அது வெளையாட்டு இல்ல, காத்திருப்பு. நம்ம ஊர் ஆட்டத்துலயே பரிந்துரைக்கணும்னா ஆடு புலி ஆட்டம் சொல்லுங்க. மூணு புலி, பதினஞ்சு ஆடு. அதிர்ஷ்டத்துக்கு இடமே கிடையாது, ரெண்டு பக்கமும் பலம் வேற வேற.

தெக்குத்தெரு
முடிவே இல்லாததாலதான் ஏழு வயசுக் குட்டி எழுபது வயசுத் தாத்தாவை ஜெயிக்குது. உங்க ஆடு புலியில அந்தக் குட்டி புலியை எடுத்தாலும் தோக்கும், ஆட்டை எடுத்தாலும் தோக்கும். மூணாவது ஆட்டத்துல அழுதுட்டு அம்மா மடிக்குப் போயிடும். குடும்பம் கூடின எடத்துல புத்திசாலி ஜெயிச்சே ஆகணுமா என்ன?

செய்யாறு செல்வி
ரெண்டு கட்சியும் தெருக்கூத்தை மறந்துட்டீங்க. எங்க பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழான்னா சித்திரையில இருந்து ஆடி வரைக்கும் எங்கயாவது ஒரு ஊர்ல கூத்து நடக்கும். டிக்கெட்டும் கிடையாது, சீட் நம்பரும் கிடையாது, பாய் கொண்டு போனா போதும்.

சித்தப்பாவுக்குக் காது மந்தம்னா கூத்துதான் சரி. பெரிய கிரீடம், தோள்ல புஜக்கட்டை, முகத்துல அரிதாரம், எல்லாமே தூரத்துல இருக்கறவனுக்காகச் செஞ்சது. துரியோதனன் வர்றப்ப ரெண்டு பேர் திரையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. கிரீடத்தோட நுனி மட்டும் மேல தெரியும், கீழ சலங்கைக் கால். முகவீணைங்கற குழலோட சத்தம் ஏற ஏற திரை ஆடும், முகத்தை மட்டும் காட்ட மாட்டாங்க. குட்டிங்க எழுந்து நின்னுடும். நடுவுல கட்டியங்காரன் வந்து ராஜாவையே கிண்டல் பண்ணுவான். துரியோதனன் சாகற படுகளத்தன்னிக்குத் தரையில மண்ணால படுக்க வெச்ச துரியோதனன் இருக்கே, அதைப் பாத்த குழந்தை ஆயுசுக்கும் மறக்காது.

சபாப் பித்தன்
அம்மா, பொங்கல் தையில வருது. ஆடி வரைக்கும் ஒன்பது பேரையும் வீட்ல வெச்சிருக்க முடியுமா?

செய்யாறு செல்வி
சிரிச்சுட்டேன். ஆனா பொங்கலுக்குன்னே சென்னை சங்கமம் இருக்கே. 2007ல ஆரம்பிச்சாங்க, நடுவுல நின்னு போய் 2023ல இருந்து திரும்ப நடக்குது. பூங்கா, மைதானம்னு ஊருக்குள்ள பல இடத்துல பறை, கரகம், ஒயில், கூத்து எல்லாம் இலவசம். எனக்கு ஒரு குறைதான்: ராத்திரி முழுக்க ஆட வேண்டிய கர்ண மோட்சக் கூத்தைத் துண்டா வெட்டி ஆடச் சொல்றாங்க. பொண்டாட்டி பொன்னுருவிகிட்ட கர்ணன் விடைபெறுறது ஊற ஊறத்தான் நெஞ்சைப் பிடிக்கும். அவசரத்துல அது வெறும் சத்தமா போயிடுது.

பகடை பாலா
ஏழு வயசுக் குட்டிக்கு அந்தத் துண்டுதான் சரியான அளவு. பிடிக்கலன்னா எழுந்து போய் பஞ்சு மிட்டாய் வாங்கலாம். சபாவுல அஞ்சாவது வரிசை நடுவுல இருந்து "அம்மா, ஒண்ணுக்கு"ன்னு கேட்டா பதினஞ்சு முழங்காலைத் தாண்டணும்.

சபாப் பித்தன்
ஓரத்து சீட் எடுக்கறதுன்னு ஒண்ணு இருக்கு. எழுந்து போக வசதி இருந்தா ஜனம் எழுந்துதான் போகும் தம்பி, அடுத்த நிமிஷம் கை ஃபோனுக்குத்தான் போகும். விளக்கை அணைச்சு, ஃபோனை வைக்கச் சொல்லி, ரெண்டு மணி நேரம் கட்டிப் போட வேற யாரால முடியுது? உங்க டிக்ஸிட்ல அடுத்தவர் யோசிக்கற நேரத்துல உங்க மாமா வாட்ஸப் பாக்க மாட்டாரா?

பகடை பாலா
பாப்பார். அதை மறுக்கல. எங்க வீட்ல ஃபோன் எல்லாம் பிரட் டப்பாவுக்குள்ள போயிடும், ஆனா அது எங்கம்மா சட்டம், பெட்டிக்குள்ள வர்ற விதி இல்ல.

ஈரோட்டுக்காரி
எல்லாருக்கும் நன்றி. போகிக்கு மறுநாள் சமையல் வேலை இருக்கு, அதனால பொங்கல் முடிஞ்ச சாயங்காலம் சங்கமம். எது எங்க நடக்குதுன்னு பாத்து, கூத்து இருக்கற இடமா, உக்கார நாற்காலி இருக்கற இடமா பிடிக்கறோம். ராத்திரிக்குத் தாயம், பகடை மாமியார்கிட்டயே இருக்காம். பாலா, டிக்ஸிட் விலை பாத்தேன், வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஆடிப் பாக்கணும். உங்க ஏரியா எது? இரவல் கிடைக்குமா?

பகடை பாலா
கோயம்புத்தூர் அக்கா. ஆனா சென்னையில போர்டு கேம் கஃபே இருக்கு, முதல்ல அங்க ஆடிப் பாத்துட்டு அப்புறம் வாங்குங்க.

சபாப் பித்தன்
அந்தக் கஃபேல காபி விலையையும் விசாரிச்சுட்டுப் போங்க. அப்புறம் எங்க கேன்டீனைப் பத்தி யாரும் வாய் திறக்க மாட்டீங்க.